ஒன்பதாம் மாடியின் இடதுபக்கச் சுவர்

மூலப் பத்திரத்தில் என்ன பிழை இருக்கிறதோ, நகலிலும் அந்தப் பிழை அப்படியே இருக்க வேண்டும். நகல் எடுப்பவர் திருத்தக் கூடாது. அழகுபடுத்தக் கூடாது. விட்டுப்போன சொல்லைத் தன் பொறுப்பில் சேர்க்கக் கூடாது. அடித்தல் இருந்தால் அடித்தல் என்றும், மை கொட்டியிருந்தால் இவ்விடத்தில் எழுத்து விளங்கவில்லை என்றும் ஓரத்தில் குறித்துக் கையொப்பமிட வேண்டும். சார்பதிவாளராக இருந்த காலம் முழுக்க இந்த ஒரு விதிக்காக மட்டும் நான் கொடுத்த மெமோக்கள் ஏராளம். மெமோ வாங்கியவர்கள் இன்றும் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

இந்த விதி வீடியோ கேம் கம்பெனிகளுக்குப் பொருந்தாது என்று எந்த மகானுபாவர் முடிவு செய்தார் என்பதுதான் என் கேள்வி.

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் இருப்பீர்கள். கேசட்டின் வாயில் ஊதி ஊதி உதடு காய்ந்தவர்கள், கட்டைவிரலில் காய்ப்பு வந்தவர்கள். உங்களிடம்தான் பேசுகிறேன். நாம் சிறுவயதில் ஆடிய ஆட்டங்களை இப்போது டிஜிட்டலாக மறுவெளியீடு செய்கிறார்கள். கேசட் கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது, மூலை நாய்க்காதாக மடிந்த விளக்கப் புத்தகம் கிடையாது. திரையில் 'வாங்கு' என்று ஒரு பொத்தான். விதிமுறைகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற அபூர்வப் பிறவி நான். அதில் எங்கேயும் விற்பனை என்ற சொல்லே இல்லை. அனுபவ உரிமை மட்டும்தான். அதுவும் அவர்கள் நினைத்தபோது ரத்தாகும். வாடகைக்குக் குடியிருப்பவனுக்குக்கூட நோட்டீஸ் காலம் என்று ஒன்று உண்டு. இதில் அதுவும் இல்லை.

சரி, போகட்டும் என்று நான் அன்று ஆடிய கோபுர ஆட்டத்தைத் திறந்தால், படத்தை அகலத் திரைக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஆள் தீபாவளிக்கு மறுநாள் மாதிரி உப்பிப்போய் நிற்கிறான். மாடிக்கு மாடி வேகம் கூடும் அந்த மணிச்சத்தத்தை எடுத்துவிட்டு, கல்யாண வரவேற்பில் வாசிக்கிற மாதிரி வயலின்களை இறக்கியிருக்கிறார்கள். செத்தால் பின்னோக்கி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளும் வசதி வேறு. சாவுக்கே மதிப்பில்லாத ஆட்டத்தில் பிழைத்து என்ன ஆகப்போகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுவரைத் தொட்டிருக்கக் கூடாது.

சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் அந்தக் கோடை விடுமுறைக்குப் போகவேண்டும். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கப்பலில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். வெள்ளையும் சிவப்புமாக, டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு. இரண்டு கைப்பிடிகள், ஒரே ஒரு மஞ்சள் நிறக் கேசட். டிவியில் மாட்டினால் ஆடலாம் என்று சொல்லிவிட்டு மறுநாளே கப்பலுக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பிள்ளைகள் படிப்பு முடியும்வரை அந்தச் சனியன் வாசல்படி ஏறாது என்பது அப்பாவின் சட்டம். ராஜபாளையத்து மில் ஒன்றில் கணக்கு எழுதியவர். வீட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. டிவி இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், அப்பாவின் அக்கா வீட்டில். அத்தையின் கணவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஆகவே சனிக்கிழமைதோறும் நானும் அக்காவும் பெட்டியை மஞ்சள் பையில் வைத்து, மேலே அத்தைக்குப் பிடித்த முறுக்கால் மூடி, டவுன் பஸ் ஏறினோம். ஓர் ஊரில் இயந்திரம், இன்னோர் ஊரில் திரை. இரண்டையும் சேர்த்தது வன்னியம்பட்டி விலக்கு நிறுத்தத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டு நகரும் ஒரு பஸ். பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா யாரையும் இடிக்கவிடமாட்டாள்.

"என்னம்மா உள்ள? முட்டையா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"ஆமாண்ணே, சிங்கப்பூர் முட்டை" என்பாள் அக்கா.

அத்தை வீட்டு டிவி மரப்பெட்டிக்குள் இருந்தது. முன்பக்கம் இழுத்துச் சாத்தும் மடக்குக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். கறுப்பு வெள்ளைப் படம். பெட்டியை மாட்டியதும் படம் மேலிருந்து கீழே உருளும். பின்னால் கைவிட்டு ஒரு குமிழைத் திருகி நிறுத்தவேண்டும். அடாப்டர் சூடேறி, இஸ்திரி போட்ட பாலியஸ்டர் துணி மாதிரி ஒரு வாசனை கிளம்பும். கேசட்டைச் செருகுவதற்குமுன் ஊதுவோம்.

"எச்சில் தெறிக்காம ஊதுங்கலே! கடையில புது அண்டாவை ஊதுதமாதிரியா ஊதுதிய?" என்பாள் அத்தை. அண்டாவை எதற்கு ஊதுவார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்டம் இதுதான். உயரமான ஒரு கோபுரம். இரண்டு பேர் ஏறவேண்டும். ஒருவன் கையில் விளக்கு, இன்னொருத்தி கையில் குடை. விளக்கு நான், குடை அக்கா. கைப்பிடி ஒன்று ஆம்பளைப் பிள்ளைக்கு, கைப்பிடி இரண்டு துணைக்கு என்று அத்தை முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிட்டாள். எட்டு மாடிவரைக்கும் சேர்ந்து ஏறலாம். ஒன்பதாம் மாடியில் ஒரு மரப்பாலம். ஒருவர் கடந்ததும் அது உடையும். பின்னால் வருகிறவர் விழுந்து சாகவேண்டியதுதான். இருவரும் உச்சிக்குப் போக வழியே இல்லை.

முதல் வாரம் எங்களுக்குள் அடிதடி. அக்கா என் தலையில் குட்ட, நான் அவள் சடையைப் பிடித்து இழுக்க, அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"ஏட்டி, அவன் சின்னப்பய. விட்டுக்குடுத்தா என்ன, குறைஞ்சா போயிருவ? பொம்பளப்பிள்ளைக்கு விட்டுக்குடுக்கத் தெரியணும்."

"அவன் எட்டு மாடியும் என் முதுகுலதான் அத்தை ஏறி வாரான்."

"அதுக்குத்தான் அக்காங்கிறது."

அப்பீல் கிடையாது. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பதாம் மாடியில் அக்காவின் குடைக்காரி விழுந்து செத்தாள். நான் உச்சிக்குப் போனேன். உச்சியில் ஒரு மணி அடிக்கும். விளக்குக்காரன் தனியாக நின்று கையசைப்பான். அக்கா அதைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அக்கா பாலத்தில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் நடந்தாள். இடதுபக்கச் சுவரில் போய் முட்டினாள். முட்டிக்கொண்டே குதித்தாள். குடைக்காரி சுவருக்குள் மறைந்துபோனாள்.

"செத்துட்டியா?" என்றேன்.

"பேசாம இருலே."

திரை நகர்ந்தது. வெளிறிப்போன ஓர் அறை. கீழே தரை இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரிந்தது. அதில் குடைக்காரி தனியாக நடந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து எனக்காக நின்றாள். நான் பாலத்தைக் கடந்தேன். அது வழக்கம்போல் என் பின்னால் உடைந்தது. உடைந்தால் என்ன, பின்னால் யாரும் இல்லை. அன்று உச்சியில் இரண்டு பேர் கையசைத்தார்கள். நானும் அக்காவும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இதில் அத்தை பார்த்தது எதை? அந்தக் குடைக்காரி ஒதுங்கிப் போய்ச் சுவருக்குள் மறைந்ததை. அதோடு உலையில் அரிசி போட எழுந்து போய்விட்டாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதே நேரத்தில்தான் அவளுக்கு உலை கொதித்தது. அக்கா வெளியே வந்ததை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை.

"பாத்தியளா, சொன்ன சொல்லைப் பிடிச்சுக்கிட்டா. தம்பிக்காக அவளே ஒதுங்கிப் போயிருதா" என்று கடையிலிருந்து வந்த தன் கணவரிடம் சொன்னாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா? நம்ம பயலுக்கு இவதான்."

விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்தோம். அத்தை விளையாட்டாக எதையும் சொல்கிறவள் இல்லை. நான்கு வருஷம் கழித்து அக்கா அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனாள். அத்தை மகன் நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை அடக்கமான மருமகள் வேண்டும் என்று ஒரு வீடியோ கேமைப் பார்த்துப் பெண் எடுத்தாள். பாதி ஆட்டம்தான் பார்த்தாள். மருமகள் மேலே படிக்கக் கூடாது என்றாள் அத்தை. அக்கா சரி என்றாள். பட்டம் தபாலில் வீட்டுக்கு வந்த அன்றுதான் மருமகள் அஞ்சல்வழியில் படித்ததே அத்தைக்குத் தெரிந்தது. கடைப் பக்கம் வரக் கூடாது என்றாள். அதற்கும் சரி என்றாள் அக்கா. இரண்டே வருஷத்தில் சரக்கு எடுக்க மதுரைக்குப் போய்வந்தது அக்காதான்.

"உன் அக்கா எதுக்கும் எதிர்த்துப் பேசமாட்டா. ஆனா கடைசியில எப்படி அவ நினைச்சதுதான் நடக்குது, எனக்கு வெளங்கல" என்று அத்தை கடைசிக் காலத்தில் என்னிடம் கேட்டாள். நான் விளக்கவில்லை.

அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் அத்தை, அக்காவோடு அந்த வீட்டுக்குப் போயிருந்த பெட்டி, கைப்பிடி, மஞ்சள் கேசட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். பச்சைக் குடம். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் குடம்! அது இன்னும் கொல்லையில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். அத்தான் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் மகன், என் மருமகன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவர்கள் பட்டியல் போடுவார்கள். அம்மா ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்தாள். ஏடிஎம்மில் எண் மறந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டாள். ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மா தன்னோடு கோயம்புத்தூர் அடுக்குமாடியில் பன்னிரண்டாம் தளத்தில் வந்து இருக்கவேண்டும்.

"நான் இங்கதான்டா இருப்பேன். ஆடித் தேர் பாக்காம நான் எப்படி இருக்க?" என்று அக்கா சொல்வாள். அவன் அப்போதைக்கு விட்டுவிடுவான்.

இந்த நிலையில்தான் அந்த ஆட்டம் மறுவெளியீடு ஆனது. ஐம்பதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதையெல்லாம் கண்காணிக்கிறவன் நான்; வெளியான அன்றே வாங்கினேன். மன்னிக்கவும், அனுபவ உரிமை பெற்றேன். சித்திரை விடுமுறைக்கு மருமகன் வந்திருந்தபோது என் மடிக்கணினியையும் இரண்டு கைப்பிடிகளையும் அக்கா வீட்டு டிவியில் மாட்டினேன். விளக்குக்காரனின் சட்டை பச்சை நிறம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு எப்போதும் அது சாம்பல்தான்.

எட்டு மாடி ஏறினோம். அக்காவின் விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. ஒன்பதாம் மாடியில் அவள் இடதுபக்கம் நடந்தாள். முட்டினாள். குதித்தாள். சுவர் சுவராகவே இருந்தது. மறுபடி குதித்தாள். அப்படியே கொஞ்ச நேரம் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்ணுதிய?" என்றான் மருமகன்.

"இதுல ஒரு வழி இருக்குடா."

அவன் செல்போனை எடுத்தான். இந்த ஆட்டத்தைப் பற்றி உலகமெங்கும் உள்ள வேலையற்றவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் படித்தான். "அப்படி ஒரு வழியே கிடையாதாம்மா. ஒருத்தர் விழுந்துதான் ஆகணும்."

"நானும் ஆடியிருக்கேன். வழி இருந்துச்சு" என்றேன்.

"நீங்க அப்ப சின்னப் பையன் மாமா. அம்மா சொல்லிச் சொல்லி நீங்களும் நம்பியிருப்பிய."

அக்கா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டாள். "ஒருத்தி செத்தாத்தான் ஒருத்தன் போகணும்னா எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம்."

அன்று இரவு மருமகன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அடுப்பு, ஏடிஎம் எல்லாம் வயசுக்கு வரதுதான்னு நினைச்சேன் மாமா. இது வேற. இல்லாத ஒண்ண இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லுதாங்க. ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாம் தேதி வண்டியோட வாரேன்."

எனக்கு வந்த கோபம் மருமகன்மேல் இல்லை. நகலைத் திருத்தியவன்மேல். பழைய ஆட்டத்தில் ஒரு பிழை இருந்திருக்கிறது. எவனோ ஒரு பொறியாளன் மறுவெளியீட்டில் அதைச் 'சரிசெய்து'விட்டான். ஓரத்தில் குறிப்பும் எழுதவில்லை. விளைவாக, சுயநினைவோடு இருக்கும் ஒரு பெண்மணி பன்னிரண்டாம் தளத்துக்குப் போகப்போகிறாள்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பொருள், பார்வை, வரிசை எண் எல்லாம் போட்டு, முறையாக. மறு நிமிடமே பதில்: தங்கள் கருத்துக்கு நன்றி, இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? முதல் நினைவூட்டல் அனுப்பினேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாம் நினைவூட்டலுக்கு, இதேபோன்ற மற்ற ஆட்டங்கள் சலுகை விலையில் கிடைக்கும் என்று தகவல். அரசு அலுவலகத்தைக் குறைசொல்கிறவர்கள் கவனிக்க: நாங்கள் மனுவைக் கிடப்பில் போடுவோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனுதாரரிடம் நட்சத்திரம் கேட்டதில்லை.

மூன்றாவது முறை, குறை கேட்கும் உயர் அதிகாரி யார் என்று தேடிப் பிடித்து மேல்முறையீடாக எழுதினேன். அதற்கு அக்காவிடம் வாக்குமூலம் எடுத்தேன். சாயங்காலம், கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த அறையில வரிசையா விளக்கு இருக்கும். மூணாவது விளக்கு மட்டும் எரியாது."

"விளக்கா? அது வெறும் அறைக்கா. ஒண்ணுமே கிடையாது."

"நீ உன் ஆளைப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப. உள்ள நடந்தது நான்லா."

"சரி, எழுதிக்கிறேன்."

"நம்பாம எழுதாத. நம்பி எழுது."

'மனுதாரரின் சகோதரி தெரிவிப்பதாவது' என்று தொடங்கி, மூன்றாவது விளக்கையும் சேர்த்து அனுப்பினேன். ஆனி போயிற்று. ஆடி பிறந்தது. தேரும் ஓடி முடிந்தது. அக்கா கூட்டத்தில் தனியாகப் போய் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தனியாகவே வீடு திரும்பினாள். மருமகன் வண்டிக்குச் சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அக்கா அட்டைப்பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கினாள். பச்சைக் குடத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் எதிர்த்துப் பேசாமல் இருந்தால் ஏதோ வழி வைத்திருப்பாள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். இந்த முறை அப்படித் தோன்றவில்லை.

பதில் வந்தது. ஒரு மனிதர், தன் கையால், ஆங்கிலத்தில் எழுதிய பதில். கம்பெனியின் பழைய சரக்குகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருப்பவராம். அவர் எழுதியதன் சாரம் இது: எங்கள் மூல ஆட்டத்தில் அந்தச் சுவர் எந்தக் காலத்திலும் திறந்ததில்லை. மறுவெளியீட்டில் நாங்கள் அதைத் தொடவும் இல்லை. எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது. ஆனால் தங்கள் சகோதரி சொன்ன விளக்கு என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் அனுமதி இல்லாமல் அந்நாளில் சந்தைகளில் விற்கப்பட்ட நகல் கேசட்டுகள் சில எங்கள் அலமாரியில் உள்ளன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறக் கேசட் ஒன்றில் ஒன்பதாம் மாடியின் இடதுபக்கச் சுவர் திறக்கிறது. நகல் எடுத்தவர் நிரலில் ஏதோ ஒரு துண்டை விட்டுவிட்டார் போலும். உள்ளே ஓர் அறை, வரிசையாக விளக்குகள், மூன்றாவது எரியவில்லை. படம் இணைத்துள்ளேன். உள்ளே நடந்தவரைத் தவிர வேறு யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. தங்கள் சகோதரிக்கு என் வணக்கம்.

வாழ்நாளெல்லாம் மூலம், மூலம் என்று மெமோ கொடுத்தவன் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கள்ள நகலை. மனு தள்ளுபடி. எந்த அலுவலகத்திலும் தள்ளுபடியான மனுவை இத்தனை சந்தோஷமாக யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

படத்தை மருமகனுக்கு அனுப்பிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அக்காவிடம் செல்போனை நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, விளக்குகளை விரல்வைத்து எண்ணினாள். மூன்றாவதில் நிறுத்தினாள்.

"நான்தான் சொன்னேன்லா."

"நம்மகிட்ட இருந்தது ஒரிஜினல் இல்லையாம்க்கா. கள்ள நகல்."

"நல்லவேளைலே" என்றாள். "ஒரிஜினலா இருந்திருந்தா நான் அங்கேயே செத்திருப்பேன்."

மருமகன் அழைத்தான். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, மூணாவது விளக்கு உங்களுக்கு இம்புட்டு வருஷம் கழிச்சும் ஞாபகம் இருந்துச்சா?"

"அடுப்பை மறப்பேன்டா. அதை எப்படி மறப்பேன்?"

"வண்டியை வேண்டாம்னு சொல்லிருதேன். சும்மா உங்களைப் பாக்க வாரேன்."

"வா. கைப்பிடி ரெண்டு இருக்கு. உங்க மாமா சரியா ஆட மாட்டான்."

அக்கா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடி அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கோப்பை முடித்து வைக்கிறவன் கடைசியில் தேதி போடவேண்டும் என்பது விதி. பதில் வரப்பெற்ற நாள்: ஆடி முப்பத்தொன்று.